தார் பாலைவனத்துக்குச் சின்னக் கேமரா: ஜோத்பூரிலிருந்து தனோட் வரை, படிப்படியாக

பாலைவனத்தில் கேமராவைக் கெடுப்பது வெயில் என்றுதான் முதல்முறை போகிறவர்கள் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் போனால் வெயில் பெரிய விஷயமே இல்லை. பட்டனை அழுத்தினால் லென்ஸ் வெளியே நீள்கிறதே, அந்தக் குழாயைச் சுற்றி ஒரு நூலிழை இடைவெளி இருக்கும். கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கேமராவை அணைக்கும்போது லென்ஸ் தன்மேல் ஒட்டிய மணலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதலில் கரகரவென்று சத்தம் வரும். அப்புறம் ஒருநாள் பாதியில் நின்றுவிடும்.

என் முதல் கேமரா அப்படித்தான் போனது. ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சட்டைப்பையில் போட்டுப் போட்டு எடுத்தேன். ஊர் திரும்பி ரிப்பேர் கடையில் கொடுத்தபோது, பல் சக்கரத்தின் இடுக்கில் சிக்கியிருந்த மணலை வெள்ளைத் தாளில் தட்டிக் காட்டினார்கள். ஒரு சிட்டிகை கூட இல்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை அதே பாதையில் போய் வந்துவிட்டேன். இரண்டாவது கேமரா இன்னும் ஓடுகிறது. கூட வந்தவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்பதையும் பார்த்தாயிற்று. கீழே உள்ள வரிசை அப்படி வந்ததுதான்.

1. முதலில் மாதம், பிறகு பாதை

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை போங்கள். ஏப்ரலுக்கு மேல் வெயில் 45 டிகிரியைத் தொடும். பெரும்பாலான கேமராக்களை 40 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தலாம் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம், கோடையில் 'ஆந்தி' என்று சொல்லும் புழுதிப்புயல் வரும். அதில் மாட்டினால் இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் கேமராவைக் காப்பாற்றாது.

நான் போகிற பாதை: ஜோத்பூரில் கார் எடுத்து, ஒசியான் வழியாகப் பலோதி, மறுநாள் போக்ரான் வழியாக ஜெய்சல்மேர், அங்கே இரண்டு நாள் தங்கல், ஒருநாள் குரி மணல்மேடு, கடைசி நாள் பாகிஸ்தான் எல்லைப் பக்கமுள்ள ராம்கர், லோங்கேவாலா, தனோட் போய்த் திரும்புதல். ஜெய்சல்மேரிலிருந்து தனோட் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சாலை நன்றாக இருக்கும், ஆனால் வழியில் கடைகள் அபூர்வம்.

மணல்மேட்டை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் நாளே மணலில் இறங்கினால் கை பழகியிருக்காது, தப்பு நடக்கும். கடைசி நாளுக்குத் தள்ளினால் அன்றைக்குக் காற்று அடித்துவிட்டால் மாற்று நாள் இருக்காது.

2. எந்தக் கேமரா

கையில் இருப்பதே போதும். புதிதாக வாங்குவதாக இருந்தால் மட்டும் ஒன்றைப் பாருங்கள்: லென்ஸ் வெளியே நீள்கிறதா, உள்ளேயே இருக்கிறதா. ஒலிம்பஸ் டஃப் (இப்போது ஓஎம் சிஸ்டம் டஃப்) வகையில் ஜூம் முழுக்க உடம்புக்குள்ளேயே நடக்கும், தூசியும் தண்ணீரும் புகாது. பாலைவனத்துக்கு அதுதான் நிம்மதி. ஆனால் அதன் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) சின்னது, இருட்டில் திணறும். ஒரு இஞ்ச் சென்சார் கேமராக்கள் படத்தில் ஒரு படி மேல், மணல் விஷயத்தில் ஒரு படி கீழ். நான் ஒரு இஞ்ச்தான் வைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு சட்டம் பேசவேண்டியிருக்கிறது.

சில மாடல்களில் லென்ஸை முழுசாக மூடும் குழாய் அடாப்டர் தனியாகக் கிடைக்கும், முன்னால் கண்ணாடி ஃபில்டர் மாட்டிக்கொள்ளலாம். உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். வெறும் ஃபில்டரை லென்ஸ் முகப்பில் ஒட்டுவதால் பயனில்லை. மணல் முகப்பு வழியாகப் போவதில்லை, பக்கவாட்டில் போகிறது.

3. வீட்டிலேயே மாற்றவேண்டிய அமைப்புகள்

மணலில் நின்றுகொண்டு மெனுவைத் தேடக்கூடாது. தேடுகிற நேரமெல்லாம் லென்ஸ் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

தானாக அணையும் நேரம்: பெரும்பாலும் ஒரு நிமிடம் என்று வைத்து விற்பார்கள். அதை ஐந்து நிமிடமாவது ஆக்குங்கள். நீங்கள் ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் கேமரா தானே அணைந்தால், துடைக்காத லென்ஸ் அப்படியே உள்ளே போய்விடும். புதியவர்களின் கேமரா சிக்கிக்கொள்வதில் பாதி இங்கேதான்.

படம் பார்க்கும் பட்டன்: சில கேமராக்களில் இதை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் லென்ஸ் தானாக உள்வாங்கும். உங்களுடையது அப்படியா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மாற்றும் வசதி மெனுவில் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் மணலில் நிற்கும்போது அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம். அணைத்த கேமராவில் இதே பட்டனைச் சற்று நேரம் அழுத்தினால் லென்ஸ் திறக்காமலே திரை மட்டும் ஒளிரும் மாடல்களும் உண்டு. எடுத்த படத்தை நாலு பேருக்குக் காட்ட அது நல்ல வழி.

வெள்ளைச் சமநிலை: ஆட்டோவிலிருந்து சூரியன் படத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால், மஞ்சள் அதிகமாகிவிட்டது என்று கேமரா நினைத்து மணலைச் சாம்பலாக்கிவிடும். சாயங்கால மணலின் நிறம்தானே நமக்கு வேண்டியது.

ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், திரையில் தெரியும்படி வையுங்கள். ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டையும் பதியும்படி வைத்து, 64 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒருநாளைக்கு அதுவே மிச்சம், பாதியில் கதவைத் திறந்து கார்டு மாற்றும் வேலை இருக்காது.

4. பையில் என்னென்ன

ஜிப் பை நாலு, பெரிய சைஸ். ரப்பர் புளோயர், அதாவது அமுக்கினால் காற்று ஊதும் பந்து, ஒன்று. முகப்பவுடருக்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி மெத்தென்ற பிரஷ் ஒன்று, புதுசாக. மைக்ரோஃபைபர் துணி இரண்டு. மணிக்கட்டில் மாட்டும் வார். பேட்டரி மொத்தம் மூன்று. சின்னக் கேமரா ஒரு சார்ஜில் 200 முதல் 300 படத்துக்கு மேல் தாங்காது.

உபரி பேட்டரியும் பவர் பேங்கும் விமானத்தில் கைப்பையில்தான் வரவேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேட்டரி முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் போடுங்கள்.

சிலிக்கா ஜெல் வேண்டாம். எல்லாரும் ஒரு டப்பா கொண்டுவருகிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சரி. தாரில் காற்றே காய்ந்து கிடக்கிறது. அந்த இடத்தில் இன்னொரு துணி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, யாரும் சொல்லாதது: கையில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. குளிரில் உதடு வெடிக்கிறது என்று வாசலின், முகத்துக்குச் சன்ஸ்கிரீன், தலைக்குத் தேங்காய் எண்ணெய். மூன்றும் விரல் வழியாக லென்ஸ் குழாய்க்குப் போகும். காய்ந்த குழாயில் விழும் மணல் ஊதினால் போய்விடும். பிசுக்கில் விழுந்தது போகாது. ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட் காரிலேயே கிடக்கட்டும். கையைத் துடைத்து உலர்த்திவிட்டுக் கேமராவைத் தொடுங்கள்.

5. கார் ஓடும்போது

கேமராவை டாஷ்போர்டில் வைக்காதீர்கள். குளிர்காலத்திலும் நண்பகல் வெயில் கண்ணாடி வழியாக நேரே அதன்மேல்தான் விழும். இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள பெட்டி நல்ல இடம், ஜிப் பைக்குள் போட்டு வையுங்கள். கால்மிதிப் பக்கம் வேண்டாம். செருப்பில் வந்த மணலெல்லாம் அங்கேதான் குவிகிறது.

ஓடுகிற காரின் ஜன்னல் வழியாக எடுப்பதை விட்டுவிடுங்கள். கண்ணாடி ஏற்றியிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பிரதிபலிக்கும். இறக்கினால் எதிரே வரும் லாரி ஒரு கை புழுதியை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகும். டிரைவரிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள்: "பாய்சாப், கை காட்டினால் ஓரமாக நிறுத்துங்கள், எஞ்சினையும் அணைத்துவிடுங்கள்." நிறுத்திய பிறகு அரை நிமிடம் சும்மா உட்காருங்கள். நம் காரே கிளப்பிய தூசி நம்மைத் தாண்டிப் போகட்டும். அதற்கப்புறம் கதவைத் திறங்கள்.

பலோதி பக்கத்தில் கீச்சன் கிராமம். குளிர்காலம் முழுக்கக் குர்ஜான் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்கும், விடிந்ததும் ஊர்க்காரர்கள் இறைக்கும் தானியத்தைத் தின்ன வரும். சின்னக் கேமராவில் ஒற்றைப் பறவையைப் பிடிக்க முயலாதீர்கள், புள்ளிதான் விழும். அகலக் கோணத்தில், ஊர்க் கூரைகளுக்கு மேலே கூட்டமாகத் திரும்புகையில் எடுத்தால் நன்றாக வரும். மணல் பிரச்சினை இல்லாத இடம் என்பதால் கேமராவுக்குக் கை பழகவும் தோது.

6. மணலில் இறங்கும் வரிசை

இந்தப் பகுதியைக் காரிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். வரிசை மாறினால்தான் கெடுகிறது.

முதலில் காற்று. இறங்கி நின்று, ஒரு பிடி மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். நேராக விழுந்தால் சரி. ஒரு முழம் தள்ளி விழுந்தால் உட்கார்ந்து எடுக்கும் படங்களை மறந்துவிடுங்கள். காற்றில் ஓடும் மணலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான் துள்ளித் துள்ளிப் போகும். நின்று எடுத்தால் தப்பிக்கலாம். மணல் புகைமாதிரி மேட்டின் உச்சியிலிருந்து சீறிக்கொண்டிருந்தால் கேமராவை எடுக்கவே வேண்டாம், போன் இருக்கிறது.

இரண்டாவது, என்ன எடுக்கப்போகிறோம் என்று கேமரா இல்லாமல் முடிவு செய்யுங்கள். நடந்து போய், நின்று பார்த்து, இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே பையைத் திறங்கள். மேட்டில் ஏறும்போது சரிவு குறைந்த, மணல் கெட்டியாக இறுகிய பக்கமாக ஏறுங்கள். செங்குத்தான பக்கத்தில் கால் வைத்தால் மணல் சரிந்து, ஆளும் கேமராவும் கூடவே சரியவேண்டியதுதான். உங்கள் காலடித் தடம் நீங்கள் எடுக்கப்போகும் பக்கம் விழாதபடி சுற்றிப் போங்கள். இதைச் சொல்லியும் எல்லாரும் நேரே ஓடி, பிறகு திரும்பிப் பார்த்து நொந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று, வாரை மணிக்கட்டில் மாட்டி, பையிலிருந்து எடுத்து ஆன் செய்யுங்கள். ஜூமை ஒரு இடத்தில் நிறுத்திக்கொண்டு அதிலேயே எடுங்கள். ஒவ்வொரு ஜூமுக்கும் குழாய் உள்ளே வெளியே போய்வருகிறது என்பதை மறக்கவேண்டாம். எனக்கு 35 மில்லிமீட்டர் ஜூம் நிலை போதுமானதாக இருக்கிறது, மேலும் கீழுமாக நடந்து சரிசெய்துகொள்கிறேன். அந்த இடத்தில் எடுக்கவேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள்.

நான்காவது படிதான் மற்றவை எல்லாவற்றையும்விட முக்கியம்: அணைப்பதற்கு முன்பு துடையுங்கள். லென்ஸ் நீண்டிருக்கும்போதே கேமராவைக் குப்புறப் பிடியுங்கள், லென்ஸ் தரையைப் பார்க்கட்டும். பிரஷால் குழாயைச் சுற்றி, உடம்புப் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாக, மூன்று நான்கு தடவை வருடுங்கள். ஒட்டியது கீழே விழும். அதற்குப் பிறகு புளோயர், அதுவும் பக்கவாட்டிலிருந்து. இடைவெளியை நோக்கி ஊதினால் நாமே மணலை உள்ளே தள்ளுகிறோம். வாயால் ஊதக்கூடாது, எச்சில் பட்டால் மணல் பசையாகிவிடும். துணியும் வேண்டாம். அது மணலைத் தேய்த்துக் கீறும்.

இப்போது அணையுங்கள். ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள்.

என் அக்கா மகனுக்கு இதையெல்லாம் ஜெய்சல்மேர் ஓட்டல் அறையிலேயே காட்டிக்கொடுத்தேன். குரியில் மேட்டு உச்சியில் நின்றுகொண்டு, "மாமா, சூரியன் போயிடும், அப்புறம் துடைச்சுக்கறேன்" என்றான். சூரியன் போனது. லென்ஸும் அன்றைக்கே கரகரத்தது. அதைத் தேற்றிய விதத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒட்டகச் சவாரிக்கு மட்டும் தனி விதி: ஏறும்போதும் இறங்கும்போதும் கேமரா பைக்குள் இருக்கவேண்டும். ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும், உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும். இரண்டு தடவையும் நாம் முன்பக்கமாகத்தான் சாய்கிறோம். கழுத்தில் தொங்கும் கேமரா நேரே சேணத்து இரும்பில் போய் மோதும். ஜீப்பில் மேட்டில் ஏற்றி இறக்குகிறார்களே, அதில் கேமராவை எடுக்கவே வேண்டாம்.

7. வெளிச்சம்

ஜெய்சல்மேர் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்மோடு ஒன்று. டிசம்பர் கடைசியில் சென்னையில் ஆறரைக்கே விடிந்துவிடும். அங்கே சூரியன் வர ஏழேகால் தாண்டும். ஐந்து மணிக்கு எழுந்து குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஆறே முக்காலுக்கு மணலில் இருந்தால் போதும்.

சாயங்காலத்தைவிடக் காலைதான் என் தேர்வு. சாம் மேட்டில் சாயங்காலம் ஒட்டகமும் ஜீப்பும் ஆளுமாக மணல் சந்தைக்கடை ஆகிவிடும். இரவுக் காற்று அந்தத் தடங்களில் நிறைய அழித்து, வரிவரியாகக் கோலம் போட்டுவைத்திருக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும் முதல் முக்கால் மணி நேரம்தான் அந்த வரிகளுக்கு நிழல் விழும். அப்புறம் எல்லாம் தட்டை. குரியில் கூட்டம் குறைவு, அதனால் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் குரிக்குப் போங்கள்.

சூரியனைப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள். அபெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 4 அல்லது 5.6 போதும். பெரிய கேமராப் பழக்கத்தில் எஃப் 11 வைக்கிறவர்கள் உண்டு. சின்ன சென்சாரில் அவ்வளவு சுருக்கினால் கூர்மை போய்விடும், லென்ஸில் உள்ள தூசியும் புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வெளிச்சம் விழுந்த மணல் திரையை நிறைத்தால் கேமரா ஏமாந்து இருட்டாக எடுக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 கூட்டுங்கள். சூரியனையே சட்டத்துக்குள் வைத்தால் நேர்மாறாக 0.7 குறைக்கவேண்டும். திரை வெயிலில் தெரியாது, ஆகவே படத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராமை நம்புங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போலரைஸ்டு கண்ணாடி என்றால் கேமராவைத் திருப்பிப் பிடிக்கும்போது திரை கறுத்துப்போகும். கேமரா கெட்டுவிட்டது என்று ஒருவர் டிரைவரைக் கூப்பிட்டே விட்டார்.

8. ஊருக்குள்

ஜெய்சல்மேர் ஊருக்குள் மணல் கவலை குறைவு, ஆகவே ஜூமை இஷ்டம்போலத் திருகலாம். கடிசர் ஏரிக்குக் காலையில் போங்கள். கோட்டையை வெளியிலிருந்து எடுக்க, சாயங்காலம் வியாஸ் சத்ரி என்ற கல் மண்டபங்கள் பக்கம் நில்லுங்கள். மஞ்சள் கல் அந்த நேரத்தில்தான் தகதகக்கும். படா பாக் சமாதி மண்டபங்களின் பின்னால் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு எடுக்க எல்லாரும் படாத பாடு படுகிறார்கள். சேர்த்தே எடுங்கள்; அந்த இடம் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

ஆட்களை எடுக்கும் முன் கேளுங்கள். ராவணஹத்தா என்ற வில் வாத்தியம் வாசிக்கிறவரை எடுத்தால், பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

9. எல்லைப் பக்கம்

ராம்கர் தாண்டியதும் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். ராணுவ வண்டி, சோதனைச் சாவடி, கண்காணிப்புக் கோபுரம் எதையும் எடுக்கக்கூடாது. 'தூரத்தில் ஏதோ தெரிந்தது, எடுத்தேன்' என்பது அங்கே பதிலாகாது. லோங்கேவாலாவில் 1971 போரில் கைப்பற்றிய டாங்கிகளை வைத்திருக்கிறார்கள். தனோட் மாதா கோயிலில் வெடிக்காத குண்டுகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. இங்கேயும் நிற்கும் ஜவானிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதே என் வழக்கம். தனோட்டைத் தாண்டி எல்லைவரை போக எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருகிற தமிழர்கள் இந்தப் பக்கம் வருவதற்கே ஜெய்சல்மேரில் முன்அனுமதி வாங்கவேண்டும். கார் புக் செய்வதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

10. இரவு வானம்

காலண்டரில் அமாவாசையைப் பார்த்துவிட்டுப் பயணத் தேதியைக் குறித்தால் இது கூடுதல் லாபம். டிசம்பர், ஜனவரியில் பால்வீதியின் பிரகாசமான மையப்பகுதி ராத்திரியில் கிடைக்காது. அதற்குப் பதிலாகத் திருவாதிரை நட்சத்திரம் கிழக்கே சிவப்பாக எழுந்து வரும். குரியில் கூடார விளக்குகளிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய், எஃப் 1.8, 15 நொடி, ஐஎஸ்ஓ 1600 என்று ஆரம்பியுங்கள். ஃபோகஸைக் கையால் தூரத்துக்கு வைத்து, இரண்டு நொடி டைமரில் எடுக்கவேண்டும்.

குட்டி ட்ரைபாடை மணலில் வைத்தால் கால் புதைந்துகொண்டே போகும், படம் ஆடிவிடும். ஓட்டலில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கடன் வாங்கிக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் நிறுத்துங்கள். பணியாளர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

11. தினமும் ராத்திரி, லென்ஸ் சிக்கினாலும்

அறைக்கு வந்ததும் முதலில் பையின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். கையைக் கழுவுங்கள். அப்புறம் மேசைமேல் வெள்ளைத் துண்டை விரித்து, லென்ஸை நீட்டி, குப்புறப் பிடித்து மறுபடி பிரஷ். துண்டில் விழும் மணலைப் பார்த்தால் அன்றைக்கு எவ்வளவு கவனமாக இருந்தோம் என்று தெரிந்துவிடும். பேட்டரிக் கதவு, கார்டுக் கதவு இரண்டையும் வெளியே துடைத்த பிறகே திறக்கவேண்டும். கார்டிலுள்ள படங்களைப் போனுக்கோ டிஸ்க்குக்கோ நகல் எடுங்கள், ஊர் போய்ச் சேரும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

லென்ஸ் பாதியில் நின்றுவிட்டால் கையால் அழுத்தாதீர்கள், திருகாதீர்கள். முழுசாகச் சார்ஜ் ஆன பேட்டரியை மாற்றுங்கள். சார்ஜ் குறைந்தாலும் இதே பிழைச் செய்தி வரும். கேமராவைக் குப்புறப் பிடித்து, பக்கவாட்டில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே ஆன் செய்து பாருங்கள். அக்கா மகன் கேமரா மூன்றாவது முயற்சியில் வெளியே வந்தது.

வெளியே வந்த லென்ஸை மறுபடி உள்ளே விடக்கூடாது. நீண்ட நிலையிலேயே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் இல்லாததால் லென்ஸ் அப்படியே நிற்கும். அடுத்த படத்துக்குப் பேட்டரியைப் போட்டு, எடுத்துவிட்டு, மறுபடி கழற்றவேண்டும். சில கேமராக்கள் பேட்டரி போட்டதும் லென்ஸை ஒருமுறை உள்ளே இழுத்துப் பார்க்கும். அப்படிப்பட்டது என்றால் பயணம் முடியும்வரை அதை விட்டுவிடுங்கள். அவன் தனோட் வரைக்கும் ஒரு டீ டம்ளருக்குள் லென்ஸை நுழைத்து, சுற்றித் துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டே வந்தான். ஊர் வந்ததும் நேரே சர்வீஸுக்குப் போனது.

உங்களுடையது நன்றாகவே திரும்பினாலும், ஜிப் பையிலேயே வைத்து மூடிவிடாதீர்கள். பையைக் குப்பையில் போட்டுவிட்டு, பிரஷையும் துணியையும் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். நீங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன சிலிக்கா ஜெல் டப்பாவுக்கு இனிமேல்தான் வேலை.